அருவியின் இடது ஓரம்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகன் என் அருவியைக் கெடுத்துவிட்டான். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இது.

என் மகள் ஜூன் மாதம் திறக்கப்போகும் பல் மருத்துவமனையில், காத்திருக்கும் அறையின் சுவர் முழுக்க நான் முப்பத்தோரு வருடத்துக்கு முன் எடுத்த அருவிப் படம்தான் வேண்டும் என்று அவளே கேட்டாள். நான் கெஞ்சவில்லை. உன் மகன் சுவர்ப்படம் அச்சடிக்கிற கடையில் இருக்கிறானே, வெளியாளுக்கு எதற்குக் கொடுப்பது என்று நெகட்டிவை அவன் கையில் கொடுத்தேன். “அப்படியே பெரிசாக்கு. வேற ஒண்ணும் செய்யாதே” என்று இரண்டு தடவை சொன்னேன். மாடு மாதிரித் தலையை ஆட்டினான். நேற்று மாதிரிப் படம் தபாலில் வந்தது. 

கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசியிருக்கிறான். மரமெல்லாம் கிளிப்பச்சை. தண்ணீர், மேலே உட்கார்ந்து யாரோ பற்பசைக் குழாயைப் பிதுக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. பல் ஆஸ்பத்திரிக்குப் பொருத்தம் என்று நினைத்தானோ என்னவோ. போதாக்குறைக்கு ஒரு வானவில். அன்றைக்கு வெயிலே கிடையாது. வெயில் இல்லாத நாளில் வானவில் வைக்கிறவன் நாளைக்குத் தன் அப்பா படத்தில் மீசையை மாற்றி வைப்பான்.

அந்தத் தண்ணீர் துணி காயப்போட்டது போல மெத்தென்று விழ வேண்டும் என்பதற்காக நாற்பது வினாடி கேமராவின் கண்ணைத் திறந்து வைத்தேன். பகலில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துவிடும். பட்டறையிலிருந்து வெல்டிங் கண்ணாடியைக் கொண்டுவந்து ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸ் முன்னால் கட்டினேன். எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏழு ரோல் வீணாக்கிக் கற்றுக்கொண்டது. இதையெல்லாம் உன் மகன் அரை மணி நேரத்தில் ‘திருத்தி’விட்டான்.

எல்லாவற்றையும்விட, நடுப்பாறையில் இருந்த கறையைத் துடைத்துவிட்டான். அந்தக் கறை யார் என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கண்றாவி சுவரில் ஏறினால் என் மகளின் திறப்பு விழாவுக்கு நான் வர மாட்டேன். அவனிடம் சொல்லு.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி? போனில் கூப்பிடாதே. போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் அண்ணி வந்து பிடுங்கி வைத்துவிடுவாள்.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை அதையும் நீயே படித்துத் தெரிந்துகொண்ட வேறு வைத்தியத்தால் கெடுத்துக்கொண்டிருக்கிறாயா?

பிள்ளை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாயமும் வானவில்லும் அவன் முதலாளிக்கு வழக்கம், எல்லாப் படத்துக்கும் வைப்பாராம். அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். கறுப்பு வெள்ளையாகவே அடித்துத் தருவான்.

மற்றதை விட்டுவிடு, அண்ணா. வலியோடு வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கிற இடம் அது. பாறையில் ஆவி மாதிரி ஒன்று நின்றால் சின்னப் பிள்ளைகள் பயப்படும். அந்த இரண்டு கறையும் போனதில் படம் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது.

கடையில் பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இரண்டு தையல்காரப் பெண்களும் ஒரே வாரத்தில் லீவு. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்றைக்கே பதில். நான் உன்னைப் போலப் பதினைந்து நாள் உட்கார்ந்து யோசிக்கிற ஆள் இல்லை.

முதலில் ஒரு கேள்வி. எந்த இரண்டு கறை? என் படத்தில் கறை ஒன்றுதான். நான் கையால் கழுவி, கையால் அச்சடித்து, முப்பத்தோரு வருடமாகக் கூடத்தில் மாட்டி, தினமும் பார்க்கிற படம். அதில் எனக்குத் தெரியாத இரண்டாவது கறை எங்கிருந்து வந்தது?

அந்த ஒன்றின் கதை உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பாறையில் ஓர் ஆள் நின்றால்தான் அருவி எவ்வளவு உயரம் என்று தெரியும் என்று உன்னை நிறுத்தினேன். “நாப்பது செகண்ட். மூச்சுகூட மெதுவா விடு” என்றேன். சரி சரி என்றாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பாறை காலி. பாதியில் போய்விட்டாய். அசையாமல் நின்றிருந்தால் ஆளாக விழுந்திருப்பாய். பாதியில் போனதால் உன் வழியாகப் பின்னால் இருக்கிற பாறை தெரிகிறது. தலை இருக்கிறது, முகம் இல்லை. புடவை இருக்கிறது, கால் இல்லை. வேறு பிலிமும் இல்லை, அதுதான் கடைசி.

அதையும் நான் மறைக்கவில்லை. நடந்தது நடந்தபடி மாட்டினேன். பட்டறையில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், சம்பந்தி வீட்டார் கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு படத்தில் விழுந்தது விழுந்ததுதான். எடுத்தவனே அதைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு பிறந்தவன் தொடலாமா?

நெகட்டிவை உடனே அனுப்பச் சொல். யாரும் எனக்குச் செய்து தர வேண்டாம்.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். பலன் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பத்து நாள் காய்ச்சல், அதன்பிறகு சீருடை வேலை. இப்போது பரவாயில்லை. நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளையைத் திட்டாதே. கறையை எடுக்கச் சொன்னது நான்தான்.

ஏன் என்று கேட்பாய். உன் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நான் டீ தட்டோடு கூடத்துக்குள் வருகிறேன். நீ படத்தைக் காட்டி, “இதோ வர்றாளே, இவதான் அந்தப் பேய். நாப்பது செகண்ட் நிக்கத் துப்பில்லாதவ. இவ புருஷன் எப்படித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணானோ” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைக் கொடுத்தேன். அப்போது அவர் போய் எட்டு மாதம்.

அது ஒரு தடவை. இன்னும் எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. உன் வீட்டுக்கு யார் வந்தாலும் என் பெயர் தெரிவதற்கு முன்னால் இந்தக் கதை தெரிந்துவிடும். இனிமேல் அது ஒரு சுவர் அகலத்துக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நெகட்டிவை அனுப்ப அவனுக்கு நேரம் இல்லை. அனுப்புவான்.

காலைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 25

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருப்பாய், உனக்கென்ன.

உன் அம்மா கடிதம் எழுதியிருக்கிறாள். நான் கேட்ட ஒரு கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. உன்னிடம் கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுது. என் படத்தில் நீ துடைத்தது எத்தனை? ஒன்று என்றால் ஒன்று. இரண்டு என்றால் இரண்டாவது எங்கே இருந்தது, எப்படி இருந்தது?

நெகட்டிவைப் பதிவுத் தபாலில் அனுப்பு. மடிக்காதே. விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து உறையில் போடு. உங்கள் கடையில் அதெல்லாம் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

மாமா


மே 3

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். எனக்கென்ன, நலமாகத்தான் இருக்கிறேன். முதலாளி திட்டு, அம்மா திட்டு, இப்போது உங்கள் திட்டு. மூன்று வேளைக்கும் சரியாக இருக்கிறது.

வானவில்லுக்கு என்னை மன்னிக்க வேண்டும். அது கம்ப்யூட்டரில் ரெடியாக இருக்கும், முதலாளி ஒரு தட்டு தட்டினால் வந்து உட்காரும். நேற்று ஒருவர் வீட்டு மாடிப் படத்திலும் அது வந்துவிட்டது. அவர் சந்தோஷப்பட்டார்.

துடைத்தது இரண்டு, மாமா. நான் உங்கள் கூடத்துப் படத்தைப் பார்த்து வேலை செய்யவில்லை, நெகட்டிவிலிருந்து நேராக எடுத்தேன். உங்கள் படத்தில் இடது ஓரம் தார் பூசின மாதிரி கறுப்பு. நெகட்டிவில் அப்படி இல்லை. அங்கே பாறை தெரிகிறது, தண்ணீர் விளிம்பு தெரிகிறது. அந்த விளிம்பில் வெளிறின ஒரு தீற்றல். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் திரையைப் பார்த்தாள். “என்னம்மா அது?” என்றேன். “கீறல். ரெண்டையும் எடுத்துடு” என்றாள். “கீறல் இப்படி இருக்காதும்மா” என்றேன். “உனக்குத்தான் எல்லாம் தெரியுமா? உங்க மாமாவையே உரிச்சு வச்சிருக்கே” என்றாள். அதற்கப்புறம் நான் பேசுவேனா? எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் கடைக்குப் போகவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரும்ப ஒன்றாகக் கொட்டி, திரும்பப் பிரித்தாள். நான் கேட்கவில்லை.

நெகட்டிவ் இத்துடன். ஓரத்தைப் பிடித்துத்தான் போட்டேன். மாமிக்கு என் வணக்கம்.

தங்கள் மருமகன்


மே 9

அன்புள்ள தங்கைக்கு,

நெகட்டிவ் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் வைத்து, கடிகார ரிப்பேர் பார்க்கிறவனிடம் இரவல் வாங்கிய லென்ஸால் பார்த்தேன்.

அந்த இடது ஓரத்தை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். படம் கழுவின அன்றைக்கே பார்த்தேன். கேமராவின் பின்கதவு வழியாக வெளிச்சம் கசிந்துவிட்டது என்று நினைத்தேன். நானே பிரித்துப் பூட்டிய கேமரா. அதில் கசிவு என்றால் எனக்கு அவமானம். கதவைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினேன். அச்சடிக்கும்போதெல்லாம் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, அந்த மூலைக்கு மட்டும் எட்டு வினாடி கூடுதலாக வெளிச்சம் கொடுத்துக் கருக்கினேன். ஒவ்வொரு பிரதிக்கும் அப்படித்தான். அதே ரோலில் வேறு எந்தப் படத்திலும் கசிவு இல்லை. ஏன் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அது கசிவு இல்லை. கசிவுக்குக் கழுத்துப் பட்டை இருக்காது.

உன் கறையையும் பார்த்தேன். புடவைத் தலைப்பு இடது பக்கமாக இழுத்திருக்கிறது. நீ எந்தத் திசையில் போனாய் என்று அதுவே சொல்கிறது. இத்தனை வருடம் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என்ன நடந்தது என்று எழுது. உன் அண்ணியிடம் நான் இன்னும் கேட்கவில்லை. முதலில் உன்னிடம் கேட்கிறேன்.

சுகமா? நான் சுகம்.

அண்ணன்


மே 20

தங்கைக்கு,

பதினோரு நாள் ஆகிறது. பதில் இல்லை. தபால்காரரை வாசலில் நின்று கேட்கிறேன், அவர் என்னைக் கண்டாலே அடுத்த தெரு வழியாகப் போகிறார்.

அண்ணன்


மே 22

அன்புள்ள உனக்கு,

அண்ணி எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டது என்று பிள்ளை சொன்னான்.

நான் சொல்லிவிட்டேன். நீ இனிமேல் வாயைப் பூட்டிவைக்க வேண்டாம்.

நேற்று காலையில் அடுப்படிக்கே வந்தார். கையில் அந்த நெகட்டிவ். “இது யாரு?” என்றார். “தெரிஞ்சுக்கிட்டு ஏன் கேக்கறீங்க?” என்றேன். “நீ எங்க இருந்தே?” “சாப்பாட்டு டப்பாவைத் திறந்துக்கிட்டிருந்தேன். மூடி இறுகிப்போச்சு. குனிஞ்ச நேரத்துல நம்ம பாப்பா தண்ணி ஓரத்துக்குப் போயிட்டா.” “ஏன் என்கிட்ட சொல்லலே?”

எனக்கும் வயதாகிவிட்டது, பயம் விட்டுப்போய்விட்டது. சொன்னேன். “தங்கச்சி பாறையை விட்டுப் போனதுக்கே முப்பத்தோரு வருஷம் சொல்லிக் காட்டினவரு நீங்க. பிள்ளையை விட்டவளை என்ன பண்ணியிருப்பீங்க? நான்தான் அவ கையைப் பிடிச்சுச் சொல்லாதேன்னு கேட்டேன். அவ எனக்காக வாங்கிக் கட்டிக்கிட்டா. ஒவ்வொரு தடவை நீங்க அந்தக் கதையைச் சொல்லும்போதும் நான் எந்திரிச்சு உள்ளே போயிடுவேன். கவனிச்சிருக்கீங்களா?”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “எத்தனை செகண்ட் உக்காந்திருந்தா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பிறகு கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை. அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார்.

நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. நீ அவருக்கு எழுது.

அண்ணி


மே 27

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி எழுதியிருந்தாள். அதனால் எழுதுகிறேன்.

நீ சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாய். தண்ணீர்ச் சத்தத்தில் உன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. கண் கடிகாரத்தில். நான் அசையாமல்தான் நின்றேன், கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்பினேன். பாப்பா விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பு தண்ணீரில் போய்விட்டது போல. அதைப் பார்த்துக்கொண்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் அவள் திரும்பி வழுக்கியிருப்பாள். இதை நான் அப்போது யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கால் தானாக அவளிடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

அவள் கையை நீட்டும்போது பின்னாலிருந்து சட்டைக் கழுத்தைப் பிடித்தேன். பொத்தான் பிய்ந்து என் கைக்குள் வந்துவிட்டது. துணி பிடித்துக்கொண்டது. அண்ணி ஓடி வந்தாள். “அவருக்குத் தெரிய வேண்டாம்” என்றாள். சரி என்றேன். திட்டு ஒருத்தி வாங்கினால் போதும் என்று நினைத்தேன். இவ்வளவு நாளைக்கு என்று நினைக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது நீ கேமராவைப் பையில் வைத்துக்கொண்டே, “ஒரு படத்தைக் கெடுத்துட்டியே, மனுஷியா நீ” என்றாய். பொத்தான் அப்போதும் என் கையில்தான் இருந்தது. இப்போது டப்பாவில் இருக்கிறது. வெள்ளை, நாலு ஓட்டை. கடையில் இருக்கிற எந்தப் பொத்தானோடும் சேராது.

பாப்பாவுக்கு எதுவும் தெரியாது. அப்போது மூன்று வயது. சுவரில் அவ்வளவு பெரிதாக வந்தால் கேட்பாள் என்றுதான் அதையும் எடுக்கச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணியை ஒன்றும் சொல்லாதே.

தங்கை


ஜூன் 1

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணியை ஒன்றும் சொல்லவில்லை. இனியும் சொல்வதற்கில்லை. என் வாய்க்குப் பயந்து இரண்டு பெண்கள் ஒரு பிள்ளை பிழைத்த சேதியை முப்பத்தோரு வருடம் மறைத்து வைத்திருந்தீர்கள். பயந்தது சரிதான். படத்தைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான்தான் அதை முதலில் தொட்டவன். உன் மகன் அரை மணி நேரம் துடைத்தான். நான் ஒவ்வொரு பிரதிக்கும் எட்டு வினாடி, என் பெண்ணையே கருக்கியிருக்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அந்த வார்த்தை எனக்கு எழுத வரவில்லை. ஆக வேண்டியதை எழுதுகிறேன்.

திறப்பு விழாவை ஒரு வாரம் தள்ளிவைக்க மகளிடம் நான் கேட்க வேண்டும். கேட்டாயிற்று, முனகினாள், ஒப்புக்கொண்டாள். நெகட்டிவ் நாளைக்கு உன் மகனுக்குப் போகும். அவன் அதை அப்படியே அச்சடிக்க வேண்டும். இரண்டு கறையும் இருக்க வேண்டும். இடது ஓரத்தைக் கருக்கக் கூடாது, நானே வந்து கேட்டாலும் கருக்கக் கூடாது. வானவில்லை அவன் முதலாளி எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மகளிடம் நீ எதுவும் சொல்லக் கூடாது, உன் அண்ணியும் கூடாது. அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி நான் சொல்ல வேண்டும். உன் அண்ணி பக்கத்தில் நிற்க வேண்டும். இந்தத் தடவை எழுந்து உள்ளே போகக் கூடாது.

நான் கதை சொன்ன ஆட்களைத் தேடிப் போக வேண்டும். யார் யார் என்று எழுதிப் பார்த்தேன், இதுவரை நாற்பத்தாறு பேர். ஏழு பேர் உயிரோடு இல்லை. மற்றவர்களில் சம்பந்தி வீட்டார் முதலில், பட்டறைக்காரர்கள் பிறகு. அவர்களிடம் சரியான கதையைச் சொல்ல வேண்டும். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

கேமராவின் பின்கதவில் ஒட்டிய டேப்பை நான் உரிக்க வேண்டும். காலையிலிருந்து உரிக்கிறேன். பழைய பசை, வர மாட்டேன் என்கிறது.

நீ அந்தப் பொத்தானைக் கொண்டுவர வேண்டும். யாருக்கும் கொடுக்க வேண்டாம். நான் ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குக் கேமராவைக் கொண்டுவருவேன். மகள், உன் அண்ணி, உன் மகன் மூவரையும் அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி நாற்பது வினாடி எடுக்க வேண்டும். அவர்கள் அசையக் கூடாது.

நீயும் வந்து நிற்க வேண்டும். நீ அசையலாம்.

அண்ணன்